ஒரு கேன் நொதி: நுண்ணுயிரியல் பேராசிரியர்களுக்கு ஒரு சலவைப்பட்டறை ஆளின் திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பத் துறைகளில் ஆய்வு வழிகாட்டிகளாக இருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் என் சித்தப்பா மகள் தொலைபேசியில் அழைத்தாள். எம்.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறாள். "அண்ணா, ஊரில் திப்பி கிடைக்குமா? ஒரு கிலோ இருந்தால் போதும், புராஜெக்டுக்கு வேண்டும்" என்றாள். தலைப்பு என்னவென்று கேட்டேன். மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கையான திப்பியில் பேசில்லஸ் பாக்டீரியாவை வளர்த்து, மாவைக் கரைக்கும் அமைலேஸ் நொதி எடுப்பதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிக் கொடுத்த ஆய்வேட்டின் தலைப்பும் அதுதான். பாக்டீரியாவின் பின்பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அவளுக்கு அடுத்த ஆண்டு வருகிறவர்களும் ஒரு கிலோ திப்பிதான் கேட்பார்கள் என்று தோன்றியபோது சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மடலை அன்று இரவே எழுதத் தொடங்கினேன்.

நான் இப்போது ஈரோட்டுப் பக்கம், தறியிலிருந்து இறங்கிய காடா துணியை வெளுக்கும் பட்டறை ஒன்றில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். படித்தது நுண்ணுயிரியல், பிழைப்பது துணியில். அமைலேஸ் நொதியைச் சோதனைக் குழாயிலும் பார்த்திருக்கிறேன், நீல நிறக் கேனிலும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். குச்சிக் கிழங்கு என்றுதான் நாங்கள் சொல்வோம். மரவள்ளி என்பது பாடப்புத்தகத்தில் கற்றுக்கொண்ட பெயர். கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்து, வடியும் பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் தங்கும். சல்லடையில் நிற்கும் சக்கைதான் திப்பி. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனதால் சேலத்தில் கிளைத்த தொழில் இது. 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திப்பிக்கு அப்படி எந்த மரியாதையும் கிடைக்கவில்லை. அது களத்தில் காய்ந்து மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. எத்தனை முறை சலித்தாலும் மாவு முழுவதும் வந்துவிடாது. காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கும் மேல் மாவாகவே கிடக்கிறது. மாவு தின்னும் பாக்டீரியாவுக்கு வேறு பந்தி தேவையில்லை.

சலித்தெடுத்த மாவு எங்கே போகிறது? ஜவ்வரிசியாகிப் பாயசத்துக்குப் போவது ஒரு பங்கு. ஸ்டார்ச்சாக சைசிங் ஆலைகளுக்குப் போவது இன்னொரு பங்கு. தறியில் இழுபடும் பாவு நூல் அறாமல் தாங்க வேண்டும் என்பதற்காக அதன் மீது கஞ்சி ஏற்றுகிறார்கள். நெய்து முடிந்த கணத்தில் அந்தக் கஞ்சி வேண்டாத விருந்தாளி ஆகிவிடுகிறது. அது ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். எனவே பட்டறைக்குத் துணி வந்ததும் முதல் வேலை கஞ்சி எடுப்பது. அமிலம் ஊற்றினாலும் கஞ்சி போகும், ஆனால் பருத்தியையும் அரித்துக்கொண்டு போகும். மாவும் பருத்தி நாரும் இரண்டுமே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள். கோத்திருக்கும் முடிச்சு மட்டும் வேறு. அந்த வித்தியாசம் அமிலத்துக்குத் தெரியாது, அமைலேஸுக்குத் தெரியும். ஆகவே துணியை உருளைக்கு உருளை ஓட்டும் ஜிக்கர் தொட்டியில் வெந்நீர், ஈரமூட்டி, கொஞ்சம் உப்பு, ஒரு லிட்டருக்குச் சில மில்லி நொதி, ஒரு மணி நேரம் இங்கும் அங்குமாகச் சுற்று. கஞ்சி கரைந்துவிடுகிறது.

குச்சிக் கிழங்கு மாவை நூலில் ஏற்றுகிறோம். அதைக் கழற்ற நொதி வாங்குகிறோம். அந்த நொதியைச் சுரக்கும் பாக்டீரியாவை அதே கிழங்கின் சக்கையில் வளர்க்கலாம். சேகோ ஆலையும் சைசிங் ஆலையும் வெளுப்புப் பட்டறையும் அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. பாக்டீரியா நம் ஊர் மண்ணில் இருக்கிறது. இத்தனையும் ஒரே வட்டாரத்தில் கிடக்க, எங்கள் பட்டறைக்கு இந்த வட்டாரத்தில் செய்த நொதி ஒரு சொட்டுகூட இதுவரை வந்ததில்லை.

இது புதிய அறிவியல் என்றால் பொறுத்திருக்கலாம். மாவைச் சர்க்கரையாக்கும் பொருளை முளைகட்டிய பார்லியிலிருந்து பெயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தது 1833இல். ஜப்பானியரான தகாமினே, கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்து நொதி எடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1894இல். தவிடு அன்றைக்கும் வேளாண் கழிவுதான். பூஞ்சையை விட்டு பாக்டீரியாவுக்கு வந்தவர்கள் பொய்டின், எஃப்ரோன்ட் என்ற இருவர். பேசில்லஸ் அமைலேஸுக்கு 1917இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் அதை முதலில் விற்றது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? என்னைப் போன்ற துணி வெளுப்பவர்களுக்குத்தான். பார்லி நொதியைவிட பாக்டீரியா நொதி வெந்நீரை நன்றாகத் தாங்கியது. அதற்கும் முன்னால் ஐரோப்பியப் பட்டறைகளில் நொதி என்ற பெயரே தெரியாமல் காடா துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு நாறவிடுவார்கள். தண்ணீரில் தானாக வளர்ந்த கிருமிகள் கஞ்சியைத் தின்றுவிடும். சில நேரம் துணியையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதுதான் சிக்கல்.

நம் பக்கத்திலேயும் வேலை நடந்திருக்கிறது. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களில் பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் எம்27 என்ற பாக்டீரியாவைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து அமைலேஸ் எடுத்தார்கள். 1991இல் அவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை எனக்கு மிகவும் பிடிக்கும். திரவ ஊடகத்தில் சர்க்கரை சேரச் சேர பாக்டீரியா நொதி சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது; வயிறு நிறைந்தவன் வேலைக்குப் போகாததைப் போல. ஈரமான தவிட்டின் மேல் வளரும்போது அந்தத் தடை பெரிதும் விலகுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். திப்பியைப் போன்ற மாவு நிறைந்த சக்கைக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. திருவனந்தபுரத்திலும் மரவள்ளிச் சக்கையில் பல ஆண்டுகள் ஆய்வு நடந்திருக்கிறது. ஆக, முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. நாம் இன்னும் அதே கேள்வியைத்தான் மாணவர்களிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சடங்கு எனக்கு மனப்பாடம். மண் எடுப்போம், பெரும்பாலும் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் கஞ்சித் தண்ணீர் ஊற்றும் இடத்தில். பத்து மடங்கு பத்து மடங்காக நீர்க்கச்செய்து, மாவு கலந்த அகார் தட்டில் தடவுவோம். இரண்டு நாள் கழித்து அயோடின் ஊற்றினால் தட்டு முழுக்க நீலம், நடுவே சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்த கணம் இன்றும் நினைவிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் தன் வீட்டு வாசலைப் பெருக்கி வைத்திருக்கிறது. இதுவரை குறை ஒன்றுமில்லை. பிறகுதான் தொடங்கும். 250 மில்லி குடுவையில் பத்து கிராம் சக்கை. அமில காரநிலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, வெப்பநிலை இருபத்தைந்திலிருந்து ஐம்பது வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மலை போன்ற வரைபடம், மலையின் உச்சிக்கு உகந்த நிலை என்று பெயர். மாவு உடைந்து வந்த சர்க்கரையை நிறமாற்றத்தால் காட்டும், மில்லர் 1959இல் சொன்ன டி.என்.எஸ். முறையில் நிறத்தை அளப்போம். அடுத்து நொதியைத் தூய்மையாக்க அம்மோனியம் சல்பேட், டயாலிசிஸ், பத்தி நிறப்பிரிகை, தூய்மைக்குச் சாட்சியாக ஜெல்லில் ஒரே ஒரு கோடு. ஒற்றைக் கோடு வந்துவிட்டால் விருந்து. கறுப்பு அட்டை, பொன்னெழுத்து, வாய்மொழித் தேர்வு, முறுக்கும் காபியும்.

முடிவுரையில் "இந்நொதி துணி, சலவைத்தூள், காகிதத் தொழில்களில் பயன்பட வாய்ப்புள்ளது" என்று எழுதியிருப்போம். நானும் எழுதினேன். நான்கு மாதம் தொட்டுத் தூக்கிய அந்தப் பாக்டீரியா குளிர்பெட்டியில் ஒரு சாய்குழாயில் கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து அதைக் கேட்டுக் கல்லூரிக்குப் போனேன். அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவில்லை. ஆய்வேடு நூலகத்தில் பத்திரமாக இருந்தது. உயிர் செத்துவிட்டது, காகிதம் பிழைத்துக்கொண்டது.

எதற்காகக் கேட்டுப் போனேன் என்றால், 2020 ஊரடங்கில் பட்டறை மூடிக் கிடந்தது. கையில் வேலையில்லை. ஊரில் திப்பி இருந்தது. நாமே செய்து பார்ப்போம் என்று ஆசை வந்தது. என் பழைய பாக்டீரியா கிடைக்காததால், ஆய்வகம் வைத்திருக்கும் நண்பர் வழியாக பேசில்லஸ் அமைலோலிக்குவிஃபேசியன்ஸ் ஒன்றைப் பெற்றேன். பெயருக்கே மாவைக் கரைப்பது என்றுதான் பொருள். ஜப்பானில் ஃபுகுமோட்டோ 1943இல் வைத்த பெயர். குடுவையில் பத்து கிராமில் அழகாக வளர்ந்தது. இருபது கிலோவுக்குப் போனேன்.

முதல் தடவை, கல்யாண வீட்டு இட்லிக் கொப்பரையில் திப்பியை வேகவைத்தேன். அது களியாகிவிட்டது. களிக்குள் காற்று போகவில்லை. மறுநாள் புளித்த வாடை. நான் போட்ட பாக்டீரியா அதில் எத்தனை பேர் இருந்தார்களோ, அழையாத விருந்தாளிகள்தான் அதிகம். ஆவியில் வேகவைத்தால் பாக்டீரியா வித்துகள் சாகா, அழுத்தக் கலம் வேண்டும் என்பது முதலாண்டுப் பாடம். அதை நான் மறந்ததற்குக் காரணம் சோம்பல்தான். இரண்டாம் தடவை வாடகைக்கு ஓர் அழுத்தக் கலம் பிடித்தேன். திப்பியோடு கோதுமைத் தவிடு கலந்தேன், காற்றுக்கு இடம் கிடைத்தது. திப்பியில் புரதம் மிகக் குறைவு, அதற்காகக் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு. இம்முறை நன்றாக வளர்ந்தது. அளவுக்கு மீறியே வளர்ந்தது. இரவு பதினொரு மணிக்குக் குவியலின் நடுவில் கைவைத்தால் சுட்டது. வெப்பமானியைச் செருகினேன், ஐம்பத்தெட்டு டிகிரி. ஓரங்கள் காய்ந்து பொரிந்துகொண்டிருந்தன. பத்து கிராம் குடுவையில் சூடு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது தானாகவே போய்விடுகிறது. குவியலில் போவதில்லை. இப்படி ஈரச் சக்கையின் மேல் வளர்க்கும் திடநிலை நொதித்தலைப் பெரிதாக்குவதில் உள்ள முழுச் சிக்கலும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். என் ஆய்வேட்டில் அந்த வாக்கியம் இல்லை.

மூன்றாம் தடவை, மெல்லிய அடுக்காகத் தட்டுகளில் பரப்பி, ஈரத்துணி தொங்கவிட்டு, மின்விசிறி வைத்தேன். இரண்டு நாள் கழித்து தண்ணீரில் ஊறவைத்து வேட்டியில் வடிகட்டினேன். தேநீர் நிறத்தில் ஒரு திரவம். குடிசைத் தொழில் போல இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். கஞ்சி எடுப்பதற்கு நொதியில் தூய்மை தேவையில்லை. நிறம் பற்றிக் கவலையும் இல்லை, அடுத்த தொட்டியில் பெராக்சைடு அதை வெளுத்துவிடும். ஜெல்லில் ஒற்றைக் கோடு வருவதற்காக நீங்கள் மாணவர்களை வாட்டும் மூன்று மாதங்கள் எங்களுக்கு ஒரு பைசாவுக்கும் பயன்படாத மூன்று மாதங்கள்.

ஊரடங்கு தளர்ந்து பட்டறை திறந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிக்கரில் நூறு மீட்டர் காடா துணியை ஏற்றி, புதிதாகச் செய்த என் தேநீரை ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்துத் துணியில் அயோடின் சொட்டு வைத்தேன். ஊதா. டெகேவா அளவுகோல் என்று எங்கள் தொழிலில் ஒன்றுண்டு. ஒன்று என்றால் கஞ்சி அப்படியே இருக்கிறது, ஒன்பது என்றால் சுத்தமாகப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது மூன்று. சோதனைக் குழாயில் அதே திரவம் மாவை நொடியில் கரைத்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை தண்ணீரில் இருந்தது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பதால் நாங்கள் சவ்வு வழியே சுத்திகரித்த நீரைத்தான் திரும்பப் பயன்படுத்துகிறோம். அதில் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. இந்த பேசில்லஸின் அமைலேஸ் சூட்டில் நிலைத்து நிற்பதற்குக் கால்சியம் வேண்டும். போதாக்குறைக்கு, கடினநீரைச் சமாளிக்கப் போடும் உலோகப் பிடிப்பான் ஒன்று பழக்கதோஷத்தால் தொட்டியில் விழுந்திருந்தது. நொதிக்குள் இருந்த கொஞ்சக் கால்சியத்தையும் அது உருவிவிட்டது. அடுத்த ஞாயிறு பிடிப்பானை நிறுத்தி, கால்சியம் குளோரைடு ஒரு கைப்பிடி போட்டேன். ஏழு வந்தது. கடையில் வாங்கும் நொதி எட்டு தரும். அந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்தபோது, அகார் தட்டில் முதல் வட்டத்தைப் பார்த்த நாள் மறுபடி வந்தது போல இருந்தது.

நான்காம் நாள் மீதித் திரவம் கெட்டுவிட்டது. நாற்றம் ஒரு பக்கம், வலுவும் போயிருந்தது. இந்தப் பாக்டீரியா அமைலேஸோடு புரதம் செரிக்கும் நொதியையும் சுரக்கிறது. அமைலேஸும் ஒரு புரதம்தானே, கூட இருந்தவன் தின்றுவிட்டான்.

பேராசிரியப் பெருமக்களே, என் தோல்விகளை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. களியாவது, சூடேறுவது, கால்சியம், பிடிப்பான், நான்காம் நாள் நாற்றம். இவை ஒவ்வொன்றும் ஓர் எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்குப் போதுமான தலைப்பு. முனைவர் பட்டத்துக்கும் போதும். திப்பியில் எதை, எவ்வளவு கலந்தால் காற்று புகும்? ஐந்து சென்டிமீட்டர் அடுக்கில் நடுப்பகுதி எவ்வளவு சூடாகிறது? உப்பும் சர்பிட்டாலும் சேர்த்தால் நொதி எத்தனை நாள் தாங்கும்? பிடிப்பான் இருக்கும் தொட்டியில் எந்த மண் பாக்டீரியாவின் நொதி பிழைக்கும்? இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் மாணவர்களிடம் கேட்கச் சொல்லவில்லை. முப்பத்தேழு டிகிரியில், சுத்தமான கரைந்த மாவில், பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்கச் சொல்கிறீர்கள். எங்கள் தொட்டி அறுபத்தைந்து டிகிரி. எங்கள் மாவு கரைந்த மாவு இல்லை. நூலோடு ஒட்டி, கொழுப்பும் மெழுகும் பூசி, காய்ந்து, தறியில் அடிபட்டு வந்த மாவு. சில துணியில் பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைக் கஞ்சியும் கலந்திருக்கும், அதை எந்த அமைலேஸும் தொடாது.

நொதியின் வலுவைச் சொல்லும் யூனிட் என்ற சொல்லும் எனக்குப் பிரச்சினைதான். ஒரு கட்டுரையில் ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கில் யூனிட் என்பார்கள், இன்னொன்றில் நூற்றுக்கணக்கில். ஒவ்வொருவரும் வேறு வெப்பநிலை, வேறு மாவு, வேறு வரையறை. நிறுவனங்களும் தங்கள் கேனில் தங்களுக்கென்று ஒரு யூனிட் போட்டுக்கொள்கின்றன. எங்களுக்கு யூனிட் வேண்டாம். ஒரே காடா துணி, ஒரே கஞ்சி, ஒரு மணி நேரம், அயோடின் சொட்டு, ஒன்பதுக்கு எத்தனை என்று சொல்லுங்கள். இதைச் செய்ய உங்களுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்களோடு போட்டியிட முடியுமா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1963லேயே பேசில்லஸ் நொதி ஒன்றைச் சலவைத்தூளுக்குச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன் வழிவந்த நோவோசைம்ஸ் 2024இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து நோவோனெசிஸ் ஆகிவிட்டது. மாடி உயரத் தொட்டிகள், மரபணு மாற்றிய பாக்டீரியா, ஆண்டுக்கணக்கில் பண்படுத்திய செய்முறை. நம் நாட்டிலும் தாணேயிலிருந்து நொதி செய்து உலகுக்கு விற்கும் நிறுவனம் இருக்கிறது. அவர்கள் செய்வதைத் திப்பித் தட்டில் செய்து அவர்களைத் தோற்கடிப்போம் என்று சொல்கிறவன் ஏமாற்றுக்காரன். ஆனால் அவர்கள் செய்தே ஆகவேண்டிய சில செலவுகளை நாம் செய்யத் தேவையில்லை. அவர்களுடைய நொதி கப்பலேறி, கிடங்கில் தூங்கி, விற்பனையாளர் கடையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்காகச் செறிவாக்கி, நிலைப்படுத்தி, பதப்படுத்துகிறார்கள். எங்களுக்கு ஆறு மாத ஆயுள் எதற்கு? பட்டறை தினமும் ஓடுகிறது.

இட்லி மாவு வாங்கும்போது ஆறு மாதம் தாங்குமா என்று யாராவது கேட்கிறார்களா? தெருமுனைக் கடையில் காலையில் வருகிறது, மறுநாளைக்குள் தீர்ந்துவிடுகிறது. பாலும் அப்படித்தான். நொதியை மட்டும் ஏன் மருந்தைப் போல நினைக்கிறோம்? ராசிபுரத்துப் பக்கம் சேகோ ஆலையை ஒட்டி ஒரு கொட்டகை. வாரத்துக்கு இரண்டு முறை ஐம்பது லிட்டர் கேன்களில் வேன் ஏறி பள்ளிபாளையத்துக்கும் குமாரபாளையத்துக்கும் வரும் நொதி. ஐந்து நாள் தாங்கினால் எங்களுக்குப் போதும். நொதி எடுத்த பின் மிஞ்சும் சக்கை மறுபடியும் மாட்டுக்கே போகலாம், புரதம் கொஞ்சம் கூடியிருக்கும்; அதற்கு முன் கால்நடை மருத்துவர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இதைக் கூட்டுறவாகச் செய்ய முடியுமா, தனியார் செய்வதா என்பதெல்லாம் அப்புறம். ஐந்து நாள் தாங்கும் கேனை முதலில் யாராவது செய்து காட்ட வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றியும் சண்டை பிடித்தாக வேண்டும். உங்கள் கட்டுரைகளில் எல்லாமே வேளாண் கழிவு. கோதுமைத் தவிடு கழிவாம், கடலைப் பிண்ணாக்கு கழிவாம். பிண்ணாக்கு விலையை மாடு வளர்க்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். திப்பியும் காசுக்குத்தான் போகிறது. மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி பாக்டீரியாவுக்குப் போடுவதை இலவசம் என்று கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு முதல் மாதமே உடைந்துவிடும். கிழங்கு வரும் பருவத்தில் திப்பி குவியும், மற்ற மாதங்களில் தேட வேண்டும். மழையில் காயாத திப்பியில் பூசணம் ஏறும். இவையும் ஆய்வில் இடம்பெற வேண்டும், விலையோடு.

பசுமை என்ற சொல்லிலும் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நொதி அமிலத்தைவிட நல்லது, துணிக்கும் தொழிலாளிக்கும். ஆனால் கழற்றிய கஞ்சி மாயமாகிவிடுவதில்லை. சர்க்கரையாக மாறிக் கழிவுநீரில்தான் போகிறது, அதன் சுமையைச் சுத்திகரிப்பு நிலையம் தாங்குகிறது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை மறந்துவிட்டு முன்னுரை எழுத வேண்டாம்.

இரண்டு பாதுகாப்பு விஷயங்களில் நீங்கள் எங்களைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். முதலாவது, மண்ணில் பிடித்த பேசில்லஸ் எல்லாம் சாதுவல்ல. மாவைக் கரைக்கும் கூட்டத்தில் உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸும் அடிக்கடி தலைகாட்டும். 16எஸ் என்ற மரபணு வரிசை ஒன்றை மட்டும் வைத்து அந்தக் குடும்பத்து உறவினர்களைப் பிரித்தறிய முடியாது. இருபது கிலோ தட்டில் வளர்ப்பதற்கு முன் அது யார் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இரண்டாவது, தூள். பேசில்லஸ் நொதியைத் தூளாகச் சலவைத்தூளில் கலந்தபோது 1960களின் இறுதியில் பிரிட்டனில் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. பிறகுதான் நொதியை மணிகளாக உருட்டி உறையிட்டார்கள். ஆகவே நமக்குத் திரவமே போதும். நானும் அன்றைக்கு முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு காய்ந்த தவிட்டைக் கிளறினேன். இன்று யாராவது அப்படிச் செய்தால் திட்டுவேன்.

பணம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உயிர்த்தொழில்நுட்பத் தொழில் ஆய்வு உதவிக்கென்று மத்திய அரசு 2012இல் பைராக் நிறுவனத்தைத் தொடங்கியது. தொடக்கநிலை யோசனை ஒன்றுக்கு ஐம்பது லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் அதில் உண்டு. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த, உயிர்த்தொழில்நுட்ப உற்பத்திக்கான பயோஇ3 கொள்கையில் நொதிகள் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. அந்தப் பணம் ஒற்றைக் கோட்டு ஜெல்லைப் பார்த்து வராது, கேனைப் பார்த்து வரும். கட்டுரை எண்ணிக்கையை வைத்துத்தான் உங்களுக்குப் பதவி உயர்வு என்பதும் எனக்குத் தெரியும். அதை மாற்ற என்னால் முடியாது. நான்காம் நாள் நாற்றத்தைப் பற்றியும் கட்டுரை எழுதலாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பாக்டீரியாவைச் சாகவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சண்டிகரில் 1986இலிருந்து நுண்ணுயிர்க் காப்பகம் இருக்கிறது. நல்ல வட்டம் போடும் ஒன்று கிடைத்தால் அங்கே ஒப்படைத்து, அந்த எண்ணை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள். என் பாக்டீரியா உயிரோடு இருந்திருந்தால் பிடிப்பானையும் தாங்கியிருக்குமோ என்று சில இரவுகளில் யோசிப்பேன். பெற்ற பிள்ளை மீது வைக்கும் குருட்டு நம்பிக்கைதான்.

இனி என் பக்கத்து வாக்குறுதி. எங்கள் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜிக்கர் சும்மா நிற்கும். முதலாளியிடம் கேட்டுவிட்டேன், நூறு மீட்டர் காடா துணி வரை கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிறார். அதற்கு மேல் என்றால் அவர் முகம் மாறும். வெந்நீர், ஈரமூட்டி, அயோடின், டெகேவா அட்டை எங்கள் செலவு. இருபது லிட்டர் நொதி உங்கள் செலவு. கேன் மேலே, எந்த நாளில் தயாரானது, என்ன பாக்டீரியா, எதில் வளர்ந்தது என்று எழுதி ஒட்டியிருந்தால் போதும். மாணவர்கள் கூட வர வேண்டும், சோறு இங்கேயே போடுவோம். பழைய செருப்பில் வரச் சொல்லுங்கள்.

சித்தப்பா மகளுக்கு ஒரு கிலோவுக்குப் பதில் அரை மூட்டைத் திப்பி அனுப்பிவிட்டேன். அவளுடைய வழிகாட்டி இந்த மடலைப் படிக்க நேர்ந்தால், அது கைதவறி அனுப்பியது இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். பத்து கிராம் போக மீதியை மாட்டுக்குப் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஈரோட்டுப் பக்கத்துச் சலவைப்பட்டறையிலிருந்து உங்கள் பழைய மாணவன்